நாற்பது ஆண்டுத் திருப்பம்: ஜோன் நியூட்டனின் வாழ்க்கை

பாவம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கொலை, களவு, பொய், சூது என்று ஒரு பட்டியல் நம் மனத்தில் தோன்றுகிறது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றை விட்டுவிட்டவன் திருந்திவிட்டான் என்றும் நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால், பட்டியலிலேயே இல்லாத ஒரு பாவத்தை ஒருவன் அன்றாடம் செய்துகொண்டிருந்தால் அவன் எப்படித் திருந்துவான்? ஊரார் அதை நல்ல தொழில் என்று மதிக்கிறார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அப்படியிருக்க, அது பாவம் என்று அவனுக்கு யார் எடுத்துச் சொல்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடுபவர்களுக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை நல்ல பாடமாக அமைந்துள்ளது. அவர்தான் ஜோன் நியூட்டன்.

'அமேசிங் கிரேஸ்' என்னும் ஆங்கிலக் கிறிஸ்தவப் பாடலை ஒருமுறையேனும் கேட்டிராதவர்கள் நம்மில் மிகக் குறைவு. அந்தப் பாடலை இயற்றியவர் நியூட்டனே. அவரைப் பற்றிப் பரவலாக ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பலின் தலைவராக அவர் இருந்தாராம். நடுக்கடலில் புயல் வீசியதாம். கடவுளை நோக்கிக் கதறினாராம். உயிர் பிழைத்ததும் அடிமைகளை விடுவித்துவிட்டு அந்தப் பாடலை எழுதினாராம். கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆனால், உண்மை வேறு. புயலில் சிக்கியபோது அவர் கப்பல் தலைவர் அல்லர். அந்தக் கப்பல் அடிமைகளை ஏற்றிச் செல்லவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, புயலுக்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவரானார்!

கிறிஸ்தவத் தமிழில் 'மனந்திரும்புதல்' என்று ஓர் அருமையான சொல் உண்டு. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்குரிய சொல் 'மெட்டனோயா' என்பதாகும். மனம் மாறுதல் என்பது அதன் பொருள். பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியிலோ 'ஷூப்' என்ற சொல் வழங்குகிறது. போன வழியை விட்டுத் திரும்பி வருதல் என்று அதற்குப் பொருள். மனம், திரும்புதல் ஆகிய இரண்டையும் நம் தமிழ்ச்சொல் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. நியூட்டனின் வாழ்வில் இந்த இரண்டும் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைத் தொடர்ந்து காண்போம்.

தாயை இழந்த சிறுவன்

ஜோன் நியூட்டன் 1725-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் லண்டன் மாநகரின் துறைமுகப் பகுதியான வாப்பிங்கில் பிறந்தார். தந்தையார் மத்தியதரைக் கடல் வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கப்பலின் தலைவர். ஆண்டின் பெரும்பகுதியைக் கடலிலேயே கழித்தவர். ஆகவே, பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தாயார் எலிசபெத்தையே சார்ந்தது. அவர் ஆழ்ந்த இறைப்பற்று மிக்கவர். மகனுக்கு எழுத்தறிவித்ததோடு வேதாகமப் பகுதிகளையும் ஞானப்பாடல்களையும் மனப்பாடம் செய்வித்தார். மகன் வளர்ந்து ஒரு போதகராக வேண்டும் என்பதே அந்தத் தாயின் கனவு.

ஆனால், விதி வேறாக இருந்தது. நியூட்டனுக்கு ஏழு வயது நிறைவதற்குச் சில நாள்களுக்கு முன், 1732-ஆம் ஆண்டில், காசநோய் அந்தத் தாயைக் கொண்டு சென்றது. தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். புதிய குடும்பத்தில் சிறுவனைக் கவனிப்பார் இல்லை. பதினொரு வயதில் தந்தையின் கப்பலிலேயே கடலுக்குச் சென்றார். தாய் ஊட்டிய பாடங்கள் நெஞ்சின் அடியில் எங்கோ தங்கிவிட்டன. மேலே மாலுமிகளின் பேச்சும் பழக்கமும் படிந்தன.

1742-ஆம் ஆண்டின் இறுதியில் கெண்ட் வட்டாரத்தில் வாழ்ந்த தாயாரின் நண்பர் குடும்பத்தைப் பார்க்கச் சென்றார். அங்கே மேரி கேட்லெட் என்னும் பெண்ணைச் சந்தித்தார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. மேரிக்குப் பதினான்குகூட நிறையவில்லை. அந்த அன்பு அவரைக் கடைசிவரை விட்டு நீங்கவில்லை. கடவுளை மறந்த காலத்திலும் மேரியை அவர் மறக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அடிமைகளிடம் உணவு பெற்றவர்

அந்நாளில் பிரிட்டன் கடற்படைக்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்டால் தெருவில் செல்லும் இளைஞர்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்வார்கள். பதினெட்டு வயதில் நியூட்டனும் அவ்வாறு பிடிபட்டார். 'ஹாரிச்' என்னும் போர்க்கப்பலில் சேர்க்கப்பட்டார். தந்தையின் செல்வாக்கால் இளநிலை அதிகாரி பதவி கிடைத்தது. அங்கே கடவுள் நம்பிக்கையை ஏளனம் செய்யும் நண்பர் ஒருவரின் பேச்சும், சில நூல்களும் அவரிடம் எஞ்சியிருந்த சிறு நம்பிக்கையையும் துடைத்துவிட்டன. கப்பலை விட்டுத் தப்பியோட முயன்று அகப்பட்டார். எல்லார் முன்னிலையிலும் சவுக்கடி பெற்றார். பதவி பறிக்கப்பட்டுச் சாதாரண மாலுமியாக்கப்பட்டார்.

1745-ஆம் ஆண்டில் மெடீரா தீவின் அருகே ஆள் மாற்று முறையில் ஒரு வணிகக் கப்பலுக்கு மாறினார். அது மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அடிமைகளை வாங்கச் செல்லும் கப்பல். தம்மை அறிந்தவர் எவரும் இல்லாத இடத்தில் மனம்போன போக்கில் வாழலாம் என்பதே அவருடைய அன்றைய எண்ணம். பின்னர் சியரா லியோன் கரையை ஒட்டிய பிளான்டன் தீவில் ஓர் வெள்ளைக்கார அடிமை வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கேதான் அவருடைய வாழ்க்கை அதலபாதாளத்தில் விழுந்தது. கடுங்காய்ச்சலில் படுத்தார். வணிகரின் ஆப்பிரிக்க மனைவிக்கு அவரைக் கண்டாலே பிடிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. பசி தாங்காமல் இரவில் தோட்டத்துக் கிழங்குகளைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றார். அந்த நேரத்தில் அவர்மீது இரக்கம் காட்டியவர்கள் யார் தெரியுமா? விற்பனைக்காகச் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த அடிமைகள்! தங்களுக்குக் கிடைத்த சொற்ப உணவில் ஒரு பங்கை யாருக்கும் தெரியாமல் அவருக்குக் கொடுத்தார்கள். இதனை நியூட்டனே பின்னாளில் எழுதி வைத்துள்ளார். வாசகர்கள் இந்த ஒரு செய்தியை மறவாமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புயலும் ஒரு சொல்லும்

மகனைத் தேடிக் கண்டுபிடிக்குமாறு தந்தையார் தம் நண்பரான லிவர்ப்பூல் கப்பல் முதலாளி ஜோசப் மேனெஸ்டியிடம் கேட்டுக்கொண்டார். மேனெஸ்டியின் 'கிரேஹவுண்ட்' கப்பல் நியூட்டனைக் கண்டுபிடித்தது. ஆனால், அதற்குள் வேறொரு வணிகரிடம் மாறி வசதியாக வாழத் தொடங்கியிருந்த அவர் ஊர் திரும்ப விரும்பவில்லை. ஆண்டுக்கு 400 பவுன் வருமானம் தரும் சொத்து அவருக்காகக் காத்திருக்கிறது என்று கப்பல் தலைவர் ஒரு பொய்யைச் சொல்லித்தான் அவரை ஏற்றிக்கொண்டார். மேரியைக் காணலாம் என்ற ஆசையும் அவரை இழுத்தது.

கிரேஹவுண்ட் தந்தம், தேன்மெழுகு, சாய மரம் முதலியவற்றை வாங்கும் கப்பல். அதில் பயணியாக இருந்த நியூட்டனின் வாயிலிருந்து வந்த இறைநிந்தனைச் சொற்களைக் கேட்டு, முரட்டுக் கப்பல் தலைவரே முகம் சுளித்தாராம். 1748-ஆம் ஆண்டு மார்ச் மாதம், இன்றைய நாட்காட்டிப்படி 21-ஆம் நாள், வட அட்லாண்டிக் கடலில் பெரும்புயல் தாக்கியது. கப்பலின் ஒரு பக்கம் உடைந்து நீர் உள்ளே புகுந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து மேல்தளத்துக்கு ஓடிய நியூட்டனைக் கத்தி எடுத்து வருமாறு தலைவர் அனுப்பினார். அவருக்குப் பதிலாக மேலே சென்ற மாலுமியை அலை அடித்துச் சென்றுவிட்டது.

அதிகாலை மூன்று மணி முதல் நண்பகல் வரை ஓயாமல் நீர் இறைத்தார். அலை இழுத்துச் செல்லாதிருக்க உடலைக் கயிற்றால் கட்டிக்கொண்டார். இடையில் தலைவரிடம் பேசும்போது, இதுவும் பயன்படாவிட்டால் கடவுளின் இரக்கமே துணை என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டார். இரக்கம் என்ற சொல் பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வாயில் வந்திருந்தது. என்னைப் போன்றவனுக்கு என்ன இரக்கம் இருக்க முடியும் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. தாய் கற்றுக்கொடுத்த வசனங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

கப்பலில் இருந்த தேன்மெழுகும் மரமும் நீரைவிட இலேசானவை. அதனால் கப்பல் மூழ்கவில்லை. ஏறக்குறைய நான்கு வாரங்கள் பட்டினியோடு தத்தளித்து, அன்றைய பழைய நாட்காட்டிப்படி ஏப்ரல் 8-ஆம் நாள், அயர்லாந்தின் லோக் ஸ்வில்லி கரையை அடைந்தது. அன்றிலிருந்து இறக்கும்வரை ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 21-ஆம் நாளை ஜெபத்தோடும் நன்றியோடும் அவர் நினைவுகூர்ந்து வந்தார்.

வாய் திருந்தியது, கை திருந்தவில்லை

புயலுக்குப் பிறகு நியூட்டன் என்னென்ன பாவங்களை விட்டார்? இறைநிந்தனையை உடனே விட்டார். சூதாட்டத்தையும் குடியையும் விட்டார். வேதாகமம் படித்தார், ஜெபம் செய்தார். பட்டியலில் உள்ள பாவங்கள் பெரும்பாலும் போயின என்றே சொல்லலாம். ஆனால், அதே ஆண்டில் 'பிரவுன்லோ' என்னும் அடிமைக் கப்பலில் முதல் துணைத் தலைவராக வேலை ஏற்றார்.

அந்தப் பயணத்தில் அவர் மீண்டும் சறுக்கினார். பழைய இடம், பழைய மனிதர்கள், பழைய ஆசைகள். சில மாதங்களுக்குள் ஏறக்குறைய பழைய நியூட்டனாகவே மாறிவிட்டார். தாம் முன்பு பட்டினி கிடந்த அதே பிளான்டன் தீவில் கடுங்காய்ச்சல் அவரைத் தாக்கியது. உடலில் வலுவில்லாத நிலையில் தள்ளாடி எழுந்து, ஆளரவமற்ற ஓரிடத்துக்குச் சென்று தம்மைக் கடவுளிடம் ஒப்படைத்தார். புயலில் செய்த ஜெபம் உயிருக்குப் பயந்து செய்தது என்றால், இந்த ஜெபம் தம் பலவீனத்தை அறிந்து செய்தது எனலாம். சொந்த வைராக்கியத்தால் மட்டும் பாவத்தை விட்டு விலக முடியாது, கடவுளின் கிருபை வேண்டும் என்று அவர் உணர்ந்தது இங்கேதான்.

1750-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மேரியை மணந்தார். அதே ஆண்டில் 'டியூக் ஆஃப் ஆர்கைல்' என்னும் அடிமைக் கப்பலுக்குத் தலைவரானார். அதன்பின் 'ஆப்பிரிக்கன்' என்னும் கப்பலில் இரண்டு முறை பயணம் செய்தார். 1754 வரை இந்தத் தொழில் நீடித்தது.

அந்தக் கப்பல்களில் நடந்ததைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டித் தலைவர் ஆராதனை நடத்துகிறார். தம் அறையில் இலத்தீன் படிக்கிறார். மனைவிக்கு அன்பொழுகக் கடிதம் எழுதுகிறார். அவர் காலடியில், கீழ்த்தளத்தில், ஆண்கள் இருவர் இருவராக இரும்பு விலங்கில் பிணைக்கப்பட்டுக் கிடக்கிறார்கள். 1752-ஆம் ஆண்டு டிசம்பரில் அடிமைகள் கலகம் செய்யத் திட்டமிடுகிறார்கள் என்ற சந்தேகம் எழுந்தபோது, உண்மையை வரவழைக்கச் சிறுவர்களை விலங்கிட்டு, கட்டைவிரலை நசுக்கும் இரும்புத் திருகில் வைத்ததாக அவரே நாட்குறிப்பில் எழுதியுள்ளார். சங்கிலியில் கிடந்தவர்களின் கையால் உண்டு உயிர் பிழைத்த மனிதர்தான் இவர்.

அவர் வேடதாரியா? அப்படிச் சொல்லி நாம் எளிதாகக் கடந்துபோய்விடலாம். ஆனால், அவருடைய ஜெபம் பொய்யன்று. அடிமை வாணிகம் தவறு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு சிறை அதிகாரியைப் போல் வாழ்வது அவருக்கு அவ்வப்போது வெறுப்பூட்டியது. வேறு வேலை கிடைக்க வேண்டும் என்று ஜெபித்தார். எனினும், அது கடவுள் தமக்கு அளித்த தொழில் என்றே நம்பினார். லிவர்ப்பூலில் அது மரியாதைக்குரிய வணிகம். தேவாலயத்துக்குச் செல்லும் பெரியவர்கள் அதில் பணம் போட்டிருந்தார்கள். அவருக்கு எதிராக விரல் நீட்டுபவர் அவரைச் சுற்றி எவருமில்லை.

1754-ஆம் ஆண்டு நவம்பரில், அடுத்த பயணத்துக்கு இரண்டு நாள்கள் இருந்தபோது, திடீரென வலிப்பு கண்டு மயங்கி விழுந்தார். கடற்பயணம் கூடாது என்று மருத்துவர்கள் தடுத்தனர். நியூட்டன் அடிமைக் கப்பலை விட்டு இறங்கியது இப்படித்தான். அவரைக் கரையேற்றியது நோயே அன்றி மனச்சாட்சி அன்று.

கரையில் கழிந்த ஆண்டுகள்

1755-ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகப் பணியேற்றார். ஓய்வு நேரத்தில் கிரேக்கமும் எபிரேயமும் கற்றார். திருச்சபைப் பணியில் சேர அவர் செய்த விண்ணப்பம் பல ஆண்டுகள் ஏற்கப்படவில்லை. கடைசியில் 1764-ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்று, பக்கிங்ஹாம்ஷயர் வட்டாரத்தில் உள்ள ஒல்னி என்னும் சிற்றூருக்குப் போதகராகச் சென்றார். தாயின் கனவு 32 ஆண்டுகளுக்குப் பிறகு நிறைவேறியது.

அதே ஆண்டில் அவருடைய தன்வரலாறு வெளிவந்து பலரால் படிக்கப்பட்டது. அதில் இறைநிந்தனை, அவநம்பிக்கை, ஒழுக்கக்கேடு ஆகிய தம் பாவங்களை ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தார். ஆனால், அடிமை வாணிகத்தை அந்தப் பாவங்களின் வரிசையில் அவர் வைக்கவில்லை. புயலுக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்தும் நிலைமை இதுவே.

ஒல்னியில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். சரிகைப் பின்னல் வேலை செய்து வயிறு கழுவியவர்கள். நியூட்டன் தம் பழைய நீலநிற மாலுமிச் சட்டையோடு அவர்களின் வீடுகளுக்குச் செல்வார். கேட்பார், ஆறுதல் சொல்வார், தம் சறுக்கல்களையும் மறைக்காமல் சொல்வார். மனச்சோர்வு நோயால் வாடிய கவிஞர் வில்லியம் கூப்பருக்குப் பல ஆண்டுகள் உற்ற துணையாக இருந்தார். இருவரும் ஜெபக் கூட்டங்களுக்காக எழுதிய பாடல்கள் 'ஒல்னி பாமாலை' என்ற பொருளுடைய தலைப்பில் 1779-ஆம் ஆண்டில் நூலாயின. 348 பாடல்களில் ஒன்றுதான் 'அமேசிங் கிரேஸ்'. 1773-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாள் வழிபாட்டுக்காக அது எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. இன்று உலகம் பாடும் மெட்டு அதற்கு அமைந்ததோ 1835-ஆம் ஆண்டில், அமெரிக்காவில்.

இதை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். குருடனாய் இருந்து பார்வை பெற்றவனின் நன்றியைப் பாடும் அந்தப் பாட்டு எழுதப்பட்டபோதும், அடிமை வாணிகத்தைப் பற்றி அவர் பொதுவில் ஒரு சொல்லும் கூறியிருக்கவில்லை. காலம் அப்படி என்று மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் அதற்கு முன்பே அடிமை முறையை எதிர்த்து வந்தனர். நியூட்டன் நன்கறிந்த ஜோன் வெஸ்லி 1774-ஆம் ஆண்டில் அதைக் கண்டித்து ஒரு சிறுநூலே வெளியிட்டார். பார்க்கக் கண் உள்ளவர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள்.

நாற்பதாம் ஆண்டு

1780-ஆம் ஆண்டில் நியூட்டன் லண்டனின் செயின்ட் மேரி வுல்நாத் ஆலயத்துக்கு மாற்றலாகி வந்தார். 1785-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் இளைஞர் யாருக்கும் தெரியாமல் அவரைச் சந்திக்க வந்தார். அவர் பெயர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். வயது 26. நாடாளுமன்ற உறுப்பினர். சிறுவயதில் நியூட்டனின் பிரசங்கங்களைக் கேட்டவர். புதிதாக இறைப்பற்று கொண்ட அவர், அரசியலை விட்டுவிடலாமா என்று ஆலோசனை கேட்டார். விட வேண்டாம், அங்கிருந்தே கடவுளுக்குத் தொண்டு செய்யலாம் என்பது நியூட்டனின் அறிவுரை. அதே வில்பர்ஃபோர்ஸ்தான் பின்னர் அடிமை வாணிக ஒழிப்புப் போராட்டத்தை நாடாளுமன்றத்தில் தலைமையேற்று நடத்தினார்.

1787-ஆம் ஆண்டில் அடிமை வாணிக ஒழிப்புச் சங்கம் லண்டனில் தோன்றியது. இப்போது முதிய போதகரிடம் எல்லாரும் எதிர்பார்த்தது சாட்சியம். அந்தக் கப்பல்களைத் தலைவராக இருந்து நடத்தியவர் அவர். 1788-ஆம் ஆண்டில், 62 வயதில், ஆப்பிரிக்க அடிமை வாணிகத்தைப் பற்றிய சிறுநூலை அவர் வெளியிட்டார். 1748-ஆம் ஆண்டின் புயலுக்குச் சரியாக நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு!

அந்த நூலில் அவர் தம்மை விலக்கி வைத்துக்கொண்டு பேசவில்லை. தாமும் அதில் ஈடுபட்டதை நினைத்து நெஞ்சு நடுங்குவதாகவும், இந்த ஒப்புதல் மிகத் தாமதமாக வருவதாகவும் எழுதினார். பின்னர் கண்ணால் கண்டவற்றைக் கணக்கோடு சொன்னார். நூறு டன்னுக்குச் சற்று மேற்பட்ட கப்பலில் 220 முதல் 250 அடிமைகள் வரை ஏற்றுவார்கள். அவர்களை அடைக்கும் அறையின் உயரம் ஏறத்தாழ ஐந்தடி. அதையும் நடுவில் பலகை அடித்து இரண்டு தட்டாக்கிவிடுவார்கள். அலமாரியில் புத்தகங்களை நெருக்கி அடுக்குவதுபோல் மனிதர்களைப் படுக்க வைப்பார்கள். பெண்கள் மாலுமிகளின் வன்கொடுமைக்கு ஆளாவார்கள். இரவில் அழுது தூக்கத்தைக் கெடுத்தது என்பதற்காகத் தாயின் கையிலிருந்த ஒரு வயதுக் குழந்தையைப் பிடுங்கிக் கடலில் எறிந்த ஒரு துணைத் தலைவனைப் பற்றியும் எழுதினார். தாயை எறியாததற்குக் காரணம், அவளுக்கு விலை இருந்தது.

அந்தச் சிறுநூல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அனுப்பப்பட்டது. அரசின் ஆலோசனைச் சபையின் முன்னும், 1790-ஆம் ஆண்டில் நாடாளுமன்றக் குழுவின் முன்னும் நியூட்டன் நேரில் சாட்சியம் அளித்தார். 1789-ஆம் ஆண்டில், சிறுவயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டதைக் கூறும் ஒலவ்டா எக்குவியானோவின் தன்வரலாறும் வெளிவந்து ஆங்கில மக்களின் நெஞ்சை உலுக்கியது. விலங்கு பூட்டியவரும் விலங்கு பூட்டப்பட்டவரும் ஒரே உண்மையைச் சொன்னபோது மறுப்பவர்களின் வாய் அடைத்துப் போனது.

ஆயினும், சட்டம் உடனே வந்துவிடவில்லை. வில்பர்ஃபோர்ஸின் தீர்மானங்கள் மீண்டும் மீண்டும் தோற்றன. இதனிடையே 1790-ஆம் ஆண்டு டிசம்பரில் மேரி காலமானார். நியூட்டனின் பார்வை மங்கியது. எண்பது வயதைத் தாண்டியும் அவர் பிரசங்க மேடையை விடவில்லை. 1807-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் அடிமை வாணிகத்தைத் தடை செய்யும் சட்டம் பிரிட்டனில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், தம் 82-ஆம் வயதில், நியூட்டன் கண்மூடினார். அடிமை முறையே பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் ஒழிக்கப்படுவதற்கான சட்டம் 1833-ஆம் ஆண்டில்தான் வந்தது.

திரும்புதல் என்னும் நெடும்பயணம்

பாய்க்கப்பலில் சுக்கானைத் திருப்பியவுடன் கப்பல் திரும்பிவிடுவதில்லை. கொஞ்சங்கொஞ்சமாக, நீரைக் கிழித்துக்கொண்டு, நேரமெடுத்துத்தான் திரும்பும். நியூட்டனின் வாழ்க்கையும் அத்தகையதே. 1748-இல் சுக்கான் திரும்பியது. முதலில் வாயின் பாவம் போனது. பிறகு பழக்கத்தின் பாவம் போனது. தொழிலின் பாவம், அதாவது ஊரும் நாடும் சேர்ந்து செய்த பாவம், கடைசியில்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

இதைக் கொண்டு இரண்டு உண்மைகளை நாம் அறியலாம். முதலாவது, மனந்திரும்புதல் கிறிஸ்தவ வாழ்வின் வாசற்படி மட்டுமன்று. அது வாழ்நாள் முழுவதும் நடக்கும் வளர்ச்சி. ஒருமுறை அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டோம், கணக்கு முடிந்தது என்று இருந்துவிட முடியாது. நியூட்டன் 1764-இல் நின்றுவிட்டிருந்தால் நல்ல போதகர், நல்ல பாடலாசிரியர் என்ற பெயரோடு மறைந்திருப்பார். அவர் கப்பலின் கீழ்த்தளத்தில் கிடந்தவர்களுக்கு அதனால் ஒரு பயனும் விளைந்திராது.

இரண்டாவது, மன்னிப்புப் பெற்றவனுக்கும் கடன் உண்டு. தம் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று நியூட்டன் உறுதியாக நம்பினார். ஆயினும், அந்த நம்பிக்கையைப் போர்வையாக்கிப் பழையதை மூடிவிடவில்லை. நல்ல பெயர் எடுத்துவிட்ட முதுமையில், பழைய குற்றத்தை ஊரறியச் சொல்வது எளிதன்று. பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனினும், மௌனமாக இருப்பதே இனிக் குற்றமாகும் என்று அவர் கருதினார்.

அதே வேளையில், அவரை நாம் வானளாவப் புகழவும் தேவையில்லை. அவர் வாய்திறக்காத நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ கப்பல்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்தன. தாமதமான மனந்திரும்புதலுக்கு மற்றவர்கள் விலை கொடுக்கிறார்கள். இந்தக் கசப்பான உண்மையையும் அவர் வாழ்க்கை நமக்குச் சொல்லத்தான் செய்கிறது.

சமயம் எதுவாயினும் இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். நம் பட்டியலில் இல்லாத பாவங்கள் எவை? விடுதியில் புதிய மாணவர்களை அழவைத்துவிட்டு அதைப் 'பாரம்பரியம்' என்கிறோம். சாதிப் பெயரைக் கேட்டுவிட்டுத் திருமணப் பேச்சைத் தொடர்வதைப் 'பெரியோர் வழக்கம்' என்கிறோம். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணைத் தனித்தட்டில் உண்ண வைப்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. எல்லாரும் செய்வதுதானே என்று நாம் சொல்லும் இடங்களில்தான் நம் கண் இன்னும் திறக்கவில்லை. நமக்கு ஒருகாலத்தில் உணவிட்டவர்களும் அங்கே சங்கிலியில் இருக்கக்கூடும்.

நியூட்டன் தம் கல்லறை வாசகத்தைத் தாமே எழுதி வைத்தார். 1893-ஆம் ஆண்டில் அவருடைய உடல் லண்டனிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு ஒல்னியில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அந்தக் கல்லில் பாடலாசிரியர் என்ற பெருமை இல்லை. ஒருகாலத்தில் இறைமறுப்பாளனாகவும் ஒழுக்கம் கெட்டவனாகவும் ஆப்பிரிக்காவில் அடிமைகளின் ஊழியனாகவும் இருந்தவன் இவன். கிறிஸ்துவின் இரக்கத்தால் காக்கப்பட்டு, மன்னிக்கப்பட்டு, தான் அழிக்க முயன்ற நம்பிக்கையையே போதிக்க நியமிக்கப்பட்டவன் என்ற கருத்தே அதில் உள்ளது. எங்கிருந்து திரும்பி வந்தோம் என்பதை மறக்காதவரே தொடர்ந்து திரும்ப முடியும்.